முன்கட்டும் பின்கட்டும்: அட்லாண்டாவிலிருந்து ஐந்து ஒருநாள் பஸ் பயணங்கள்

முதல் நாள், செவ்வாய்: மேடிசன், மில்லெட்ஜ்வில்

செவ்வாயன்று தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜியாவின் சிறு ஊர்களில் பழைய வீடுகளும் மியூசியங்களும் பெரும்பாலும் திங்களன்று பூட்டிக் கிடக்கும். ஞாயிறன்று பல இடங்கள் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், சில திறப்பதே இல்லை. அதனால் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள். காலையில் அட்லாண்டாவில் ஏறி, இருட்டும் நேரத்தில் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பெட்டி கட்ட வேண்டாம், ஹோட்டல் மாற வேண்டாம். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. அக்டோபர் நடுவில் போவது உத்தமம். ஜூலை வெயிலில் மதியம் ஒரு மணிக்கு மேல் யாரும் எதையும் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

வண்டி 45 அடி நீளம், 56 இருக்கை. ஆனால் 48 பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. பழைய வீடுகளில் உள்ளூர் கைடு ஒரு தடவைக்கு 15, 20 பேரைத்தான் உள்ளே விடுவார். 48 பேரை 16, 16ஆக மூன்று குழுவாகப் பிரித்தால், ஒரு குழு வீட்டுக்குள், ஒரு குழு தோட்டத்தில், ஒரு குழு கழிப்பறையிலும் கடையிலும் இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் ஒன்றரை மணியில் எல்லோரும் எல்லாம் பார்த்திருப்பார்கள். 56 பேர் என்றால் நான்காவது குழு வரும், அரை மணி கூடும், அந்த அரை மணி சாப்பாட்டு நேரத்திலிருந்துதான் போகும். பஸ்ஸின் பின்னால் இருக்கும் கழிப்பறை அவசரத்துக்கு மட்டும். முதல் நிறுத்தத்துக்கு முன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் மாலையில் கடைசி நான்கு வரிசையில் உட்கார முடியாது.

டிரைவரின் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். அமெரிக்க மத்திய விதிப்படி பயணிகள் பஸ் ஓட்டுபவர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். வேலைக்கு வந்து 15 மணி நேரம் ஆன பின் ஓட்டவே கூடாது. பஸ்ஸைச் சோதிக்கும் நேரமும், நாம் சுற்றிப் பார்க்கும்போது அவர் வண்டியோடு நிற்கும் நேரமும் அந்த 15இல் சேரும். 'இன்னும் ஓர் ஊர் போய்விட்டுப் போகலாமே' என்று டிரைவரைக் கேட்பது அவருடைய லைசென்ஸோடு விளையாடுவது. ஒரு நாளைக்கு இரண்டு ஊர் போதும்.

மேடிசன், அட்லாண்டாவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 60 மைல். கோர்ட் சதுக்கத்தைச் சுற்றி நிழல் மரங்களும் வெள்ளைத் தூண் வீடுகளுமாக இருக்கும் ஊர். 'ஷெர்மன் எரிக்க மறுத்த ஊர்' என்று விளம்பரம் செய்வார்கள். உள்நாட்டுப் போரில், 1864 நவம்பரில், வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கடலை நோக்கி நடந்தபோது மேடிசன் வழியாகப் போனது ஜெனரல் ஸ்லோகமின் இடது அணி. ஷெர்மன் அந்த வழியில் வரவே இல்லை. ஊர்க்காரரான ஜோஷுவா ஹில் பிரிவினையை எதிர்த்து 1861இல் காங்கிரஸ் பதவியை விட்டவர். அவர் போய்ப் பேசினார், வீடுகள் தப்பின. ரயில் நிலையமும் பருத்திக் கிடங்குகளும் தப்பவில்லை. நல்ல கைடு இதைச் சொல்வார். சொல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து நாளும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு உண்டல்லவா? வந்தவருக்குத் திண்ணையும் கூடமும், வேலை நடப்பது பின்கட்டில். தெற்கத்தி அமெரிக்க மாளிகைகளும் அப்படித்தான். தூணையும் சாண்டலியரையும் காட்டி அரை மணியில் வெளியே அனுப்பிவிடும் டூர்கள் நிறைய. அந்த வீட்டைக் கட்டியது யார், சமைத்தது யார், துணி துவைத்தது யார், அவர்கள் எங்கே தூங்கினார்கள் என்று கேட்டால்தான் மிச்ச வீடு திறக்கும்.

மேடிசனில் அதற்குப் பதில் ஒரே வளாகத்தில் கிடைக்கிறது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ரோஜர்ஸ் ஹவுஸ், 1810 வாக்கில் கட்டிய எளிய வீடு. அதன் அருகே ரோஸ் காட்டேஜ். அடிமையாகப் பிறந்த அடலைன் ரோஸ் என்ற பெண் ஊரார் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டுச் சேர்த்த பணத்தில் 1891இல் கட்டிய வீடு, பின்னாளில் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பல பேர் தூண் வைத்த ஹெரிடேஜ் ஹாலில் ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டு இங்கே ஐந்து நிமிடம் தலைகாட்டுவார்கள். அதை மாற்றி, இங்கிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சின்ன வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பெரிய வீடு வேறு மாதிரி தெரியும்.

தெற்கே 441ஆம் சாலையில் ஈட்டன்டனுக்கு முன்னால் ராக் ஈகிள். வெண்பாறைக் கற்களை அடுக்கிப் பழங்குடிகள் அமைத்த பறவை உருவம், சிறகு விரித்த அகலம் 120 அடி. தரையிலிருந்து பார்த்தால் கற்குவியல்தான், பக்கத்துக் கோபுரத்தில் ஏறினால்தான் பறவை தெரியும். இருபது நிமிடம் போதும்.

மில்லெட்ஜ்வில் 1868 வரை ஜார்ஜியாவின் தலைநகர். 1839இல் முடிந்த பழைய ஆளுநர் மாளிகையின் நடுவே 50 அடி உயர வட்டக்கூடம், மேலே பொன்முலாம் பூசிய குவிமாடம். ஷெர்மன் 1864 நவம்பரில் இங்கே ஓர் இரவு தங்கினார். ஆளுநர் மேசை நாற்காலி முதல் கொண்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டதால் தரையில் படுத்தார். கைடு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்து, இங்கே வேலை செய்த அடிமை மக்களைப் பற்றிக் கேளுங்கள். சொல்வதற்கு அவர்களிடம் விஷயம் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் படிகளைப் பற்றி முன்பே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள், புதன்: வார்ம் ஸ்ப்ரிங்ஸ்

இன்று ஒரே ஊர். அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே ஒன்றரை மணி நேரம். ஒரே ஊருக்கு ஒரு நாளா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஐந்தில் திரும்ப ஒரு முறை போக ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம் என்றால் இதைத்தான் சொல்வோம்.

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்ளின் ரூஸ்வெல்டுக்கு 1921இல் போலியோ தாக்கி இரண்டு கால்களும் செயலிழந்தன. இந்த ஊர் வெந்நீர் ஊற்றில் நீந்தினால் குணமாகும் என்று கேள்விப்பட்டு 1924இல் வந்தார். பைன் மலையில் பெய்யும் மழைநீர் 3,800 அடி ஆழம் வரை இறங்கிச் சூடேறி, 88 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 31 செல்சியஸில், நிமிடத்துக்குச் சுமார் 900 காலன் வெளியே வருகிறது. கொதிநீர் அல்ல, நம் ஊரில் வெயில் காலத்துத் தொட்டி நீரின் சூடுதான். குளிர் எடுக்காததால் தசை சோராமல் வெகுநேரம் நீரிலேயே பயிற்சி செய்யலாம், அதுதான் பலன். கால் திரும்பவில்லை. ஆனாலும் 1926இல் அந்த இடத்தையே வாங்கி, மறு வருடம் போலியோ நோயாளிகளுக்கான அறக்கட்டளை ஆக்கினார். குளங்கள் இப்போது வற்றிய நிலையில் மியூசியமாக இருக்கின்றன. அந்த ஊற்று நீரில் கை வைத்துப் பார்க்க ஓரிடம் விட்டிருக்கிறார்கள். குளமும் வீடும் ஒரே டிக்கெட். வீட்டை முதலில் பாருங்கள். காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றால் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு முன்னால் உள்ளே போய்விடலாம்.

வீட்டின் பெயர் லிட்டில் ஒயிட் ஹவுஸ். 1932இல் பைன் மரத்தில் கட்டியது, ஆறே அறை. அமெரிக்க ஜனாதிபதியின் வீடு என்று நினைத்து வருபவர்கள் வாசலிலேயே தயங்குவார்கள். படுக்கையறை நம் ஃபிளாட்டுகளில் இருப்பதைவிடச் சிறியது. இங்கே 16 பேர் குழுகூட அதிகம், 10 பேராக விட்டால் நிதானமாகப் பார்க்கலாம். மியூசியத்திலிருந்து வீடு வரை நடைபாதை, ஒவ்வொரு மாநிலக் கொடியும் அந்த மாநிலக் கல்லும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு என்ன வசதி என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், பாதி வழியில் நின்றுகொண்டு கேட்டால் அரை மணி போகும்.

1945 ஏப்ரல் 12 மதியம் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் ரூஸ்வெல்ட். எலிசபெத் ஷூமடோஃப் என்ற ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். மூளையில் ரத்தக் கசிவு, சில மணி நேரத்தில் மரணம். அந்த ஓவியம் முடியாமலேயே வளாகத்தில் தொங்குகிறது. முகம் முழுமையாக வந்துவிட்டது, தோளுக்குக் கீழே கழுவிவிட்ட மாதிரி வெறும் வண்ணக் கோடுகள். பக்கத்தில் அதே ஓவியர் பிற்பாடு நினைவிலிருந்து வரைந்து முடித்த இன்னொரு படம். முதலில் சிவப்பாக இருந்த டை அதில் நீலமாகியிருக்கிறது. முடிந்த படத்தை எல்லோரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முடியாத படத்துக்கே திரும்புவார்கள். இந்த இடத்தில் கைடு பேசாமல் இருப்பது நல்லது. மூன்று நிமிடம் விட்டுவிட வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் இதோடு திரும்பிவிடும். அடுப்படியைத் தவறவிடாதீர்கள். சமையல்காரர் டெய்சி பானர் என்ற கறுப்பினப் பெண். ஜனாதிபதி இறந்த பிறகு அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு இந்த வீட்டில் முதல் சாப்பாட்டையும் கடைசிச் சாப்பாட்டையும் சமைத்தது டெய்சி பானர் என்று அதற்கு அர்த்தம். இலக்கணப் பிழையோடு இருக்கும் அந்த ஒற்றை வரி இன்னும் இருக்கிறது. மங்கலான எழுத்து, உயரமானவர் பின்னால் நின்றால் தெரியாது. முன்னால் வரச் சொல்லுங்கள். ஐந்து நாளில் பார்க்கும் பின்கட்டுகளில், அங்கே வேலை செய்தவர் தன் கைப்படத் தன் பெயரை எழுதி வைத்தது இது ஒன்றுதான்.

அவர் சமைத்து ரூஸ்வெல்ட் விரும்பிச் சாப்பிட்டவற்றில் ஒன்று கண்ட்ரி கேப்டன். கோழி, தக்காளி, கறிப்பொடி, உலர்ந்த திராட்சை, மேலே பாதாம். பெயரே சொல்லும், வெள்ளைக்காரர்கள் இந்தியாவிலிருந்து எடுத்துப்போன குழம்பு. ஜார்ஜியாக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சமையல் என்றே சொல்வார்கள், அதிலும் தப்பில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள், பின்னால் வரும் நாட்களுக்குத் தேவைப்படும். முதலாவது கரண்டு பில். இங்கே ரூஸ்வெல்டிடம் யூனிட்டுக்கு 18 சென்ட் கேட்டார்கள், நியூயார்க்கில் இருந்த தன் சொந்த வீட்டில் கட்டியதைப் போல நான்கு மடங்கு. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் தனக்கு இந்த பில்லில்தான் தொடங்கியது என்று அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1935இல் அதற்கென ஓர் அமைப்பே வந்தது. இரண்டாவது, இந்த மருத்துவ வளாகத்தில் கறுப்பின நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துணி துவைக்கவும் சமைக்கவும் அவர்கள் வந்தார்கள், போலியோ வந்த அவர்கள் பிள்ளைகளுக்குக் குளத்தில் இடமில்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதை வெள்ளியன்று பார்க்கலாம்.

சாப்பாடு பற்றி இன்றே சொல்லிவிடுவது நல்லது. சிறு ஊர் ஓட்டல்களில் 'மீட் அண்ட் த்ரீ' என்று போட்டிருக்கும், ஓர் இறைச்சி, மூன்று காய்கறி. காய்கறி மூன்றையும் மட்டும் கேட்டால் போதுமே என்று சைவக்காரர்கள் நினைப்பார்கள். பீன்ஸும் கீரையும் பன்றி எலும்பு போட்டு வேகவைத்தவை, பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது காய்கறிதான். 'வெஜிடேரியனா' என்று கேட்காமல், 'ஹாம், பேக்கன், சிக்கன் ஸ்டாக் சேர்த்திருக்கிறீர்களா' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மக்ரோனி சீஸ், சோள ரொட்டி, உருளைக்கிழங்கு கிடைக்கும், ஆனால் சோள ரொட்டியையும் பன்றிக் கொழுப்பில் சுடுபவர்கள் உண்டு. பாதுகாப்பான வழி, பஸ்ஸின் அடிப்பெட்டியில் இரண்டு ஐஸ்பெட்டி. புளியோதரை ஐஸ்பெட்டிக்கு வெளியே, தயிர் சாதம் உள்ளே. பல ஓட்டல்கள் இரண்டு மணிக்கு மதியச் சாப்பாட்டை மூடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் நாள், வியாழன்: ஆண்டர்சன்வில், பிளெய்ன்ஸ்

ஐந்தில் நீண்ட நாள். 6:45க்குக் கிளம்ப வேண்டும். தெற்கே இரண்டேகால் மணி நேரம், வழியெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடக்கும். நிலக்கடலையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகப் போட்டு வரிசை வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். இடது பக்க ஜன்னல்காரர்கள் திரும்பும்போது வலது பக்கம் மாறிக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை.

இன்றைக்கு வரிசை முக்கியம். ஆண்டர்சன்வில் முதலில், பிளெய்ன்ஸ் பிறகு. மாற்றினால் நாள் கெட்டுவிடும், ஆண்டர்சன்வில்லிலிருந்து நேரே பஸ்ஸில் ஏறி இரண்டரை மணி நேரம் மௌனமாகத் திரும்ப வேண்டியிருக்கும். நிழல் இல்லாத திறந்தவெளி என்பதால் காலையில் போவது உடம்புக்கும் நல்லது. அனுமதி இலவசம்.

1864 பிப்ரவரி முதல் 14 மாதங்கள் தெற்குப் படை நடத்திய போர்க்கைதிச் சிறை இது. 15 அடி உயரப் பைன் கம்பங்களை நட்டுச் சுவராக்கினார்கள். மரத்தை வெட்டியதும் நட்டதும் பக்கத்துப் பண்ணைகளின் அடிமைகள். உள்ளே கூரை எதுவும் இல்லை. பெரிதாக்கிய பிறகும் 26½ ஏக்கர்தான். அதில் 1864 ஆகஸ்டில் சுமார் 33,000 பேர். மொத்தம் உள்ளே வந்த 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயிற்றுப்போக்கிலும், ஊட்டம் இல்லாமல் வரும் ஸ்கர்வியிலும். குடிப்பதற்கும் கழுவுவதற்கும் கழிப்பதற்கும் நடுவே ஓடிய ஒரே ஓடை.

சுவரின் சில பகுதிகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சுவரிலிருந்து 19 அடி உள்ளே தாழ்வான ஒரு மரவேலி ஓடுவதைப் பாருங்கள். அதைத் தாண்டிக் கை நீட்டினாலும் காவல்காரன் சுடுவான். அதன் பெயர் டெட்லைன். இன்று அலுவலகங்களில் தினம் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது இந்தப் போரின் சிறைகளில்தான். வேலிக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தால் தூரம் எவ்வளவு குறைவு என்று புரியும்.

அடுத்து மயானம். வாஷிங்டனுக்கு அருகே இருக்கும் பெரிய ராணுவ மயானத்தைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். அங்கே கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். இங்கே ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே விரல் விடும் அளவுகூட இல்லாத வரிசைகள் இருக்கின்றன. நீளக் குழி தோண்டி, பெட்டியில்லாமல், தோளோடு தோளாகப் புதைத்ததால் கல்லும் அப்படியே நிற்கிறது. பெயர்கள் இருப்பதற்குக் காரணம் டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதி. சாவுப் பதிவேடு எழுதும் வேலையில் போட்டார்கள், யாருக்கும் தெரியாமல் இன்னொரு பிரதி எடுத்து வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில் செவிலி கிளாரா பார்ட்டனும் அவரும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு குழிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். ஏறக்குறைய 13,000 கல்லறைகளில் 'பெயர் தெரியவில்லை' என்று இருப்பவை 460 மட்டும். இன்றும் முன்னாள் ராணுவத்தினரை அடக்கம் செய்யும் மயானம் இது. இறுதிச் சடங்கு நடந்தால் பஸ் தள்ளி நிற்க வேண்டும், ஸ்பீக்கரை நிறுத்திவிட வேண்டும்.

சிறைத் தளபதி ஹென்றி வெர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆண்டர்சன்வில் கிராமத்தில் அவருக்கு 1909இல் வைத்த நினைவுத்தூண் நிற்கிறது. மயானத்தைப் பார்த்த கையோடு ஐந்து நிமிடம் நிறுத்தி அதையும் பார்ப்பது அவசியம். இந்தப் போர் எப்படி நினைக்கப்படுகிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை என்பதை எந்தச் சொற்பொழிவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

ஓர் எச்சரிக்கை. புல்லில் செம்மண் குவியல் கண்டால் ஒதுங்குங்கள். அது நெருப்பெறும்புப் புற்று. செருப்புப் போட்ட கால் என்றால் பத்து நொடியில் முழங்கால் வரை ஏறிவிடும், மறுநாள் கொப்புளம். புடவை, வேட்டிக்காரர்கள் தார்ப்பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

அமெரிக்கஸ் ஊரில் சாப்பிட்டுவிட்டு மேற்கே பத்து மைல் போனால் பிளெய்ன்ஸ். 600 பேர்கூட இல்லாத ஊர், 39ஆவது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் ஊர். 2024 டிசம்பர் 29 அன்று 100 வயதில் இறந்து, மனைவி ரோஸலினுக்குப் பக்கத்தில் இங்கேயே அடக்கமானார். அவர் படித்த பள்ளிக்கூடம்தான் இப்போது பார்வையாளர் மையம். பழைய ரயில் நிலையம் 1976இல் அவருடைய தேர்தல் அலுவலகம், ஊரில் காலியாக இருந்த கட்டடங்களில் வேலை செய்யும் கழிப்பறை இருந்தது இதில்தான் என்று காரணம் சொல்வார்கள். அம்மா லில்லியன் கார்ட்டர் செவிலி. 68 வயதில் பீஸ் கார்ப்ஸ் என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பில் சேர்ந்து மும்பையின் விக்ரோலியில் இரண்டு வருடம் வேலை செய்தவர். நம் பெற்றோர்கள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

நேரம் போதாவிட்டால் பள்ளியையும் ரயில் நிலையத்தையும் சுருக்கி, பண்ணை வீட்டுக்கு ஒரு மணி முழுதாக வைக்கவும். ஊருக்கு மேற்கே இரண்டரை மைல், ஆர்ச்சரி என்ற இடம். கார்ட்டருக்கு நான்கு வயதானபோது குடும்பம் இங்கே வந்தது. மின்சாரம் வந்தது 1938இல், நேற்றுப் பார்த்த அந்த 18 சென்ட் பில்லின் பலன் இந்தக் கூரையில் தொங்கும் ஒற்றை பல்பு. வீட்டிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் பண்ணையை மேற்பார்த்த ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் தம்பதியின் சின்ன வீடு. கறுப்பினத் தம்பதி. பெற்றோர் ஊரில் இல்லாத நாட்களில் சிறுவன் கார்ட்டர் தூங்கியது அந்த வீட்டில்தான். பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு நடந்து போங்கள், கதை அந்த நடையில்தான் இருக்கிறது.

சாலையோரம் 'பாயில்டு பீனட்ஸ்' பலகை கண்டால் நிறுத்தச் சொல்லுங்கள். பச்சைக் கடலையைத் தோலோடு உப்புநீரில் மணிக்கணக்கில் வேகவைத்தது. நம் ஊரில் வேகவைப்பதைவிடக் குழைவாக, உப்புத் தூக்கலாக இருக்கும். மிளகாய் போட்டதும் கிடைக்கும். பையில் தண்ணீர் வடியும், இரட்டைப் பையாகக் கேளுங்கள்.

நான்காம் நாள், வெள்ளி: டஸ்கீகி, அலபாமா

இன்றைய ஆபத்து கடிகாரம். அலபாமா ஒரு மணி நேரம் பின்னால். ஆனால் எல்லையை ஒட்டிய லனெட், வேலி ஊர்கள் ஜார்ஜியா நேரத்தையே பின்பற்றுகின்றன. எல்லைப் பக்கம் போன் எந்த நேரத்தைக் காட்டும் என்று நம்ப முடியாது. 'மூன்று மணிக்கு பஸ்' என்றால் பாதிப் பேர் ஒரு மணி நேரம் மாறி வருவார்கள். கைடு ஒவ்வொரு முறையும் 'அலபாமா நேரம்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அட்லாண்டா நேரத்திலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இங்கே 12 மணி என்றால் வயிற்றுக்கு ஒரு மணி. 7:30க்குக் கிளம்பினால் அங்கே 8:45, அது லாபம். திரும்பும்போது அந்த மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெள்ளி மாலை அட்லாண்டா நெரிசல் வேறு. அலபாமா நேரம் மூன்றுக்குள் கிளம்பிவிடவும்.

முதலில் மோட்டன் ஃபீல்டு என்ற பழைய விமானத்தளம். வாகனம் நிறுத்தும் இடம் மேட்டில், ஹாங்கர்கள் கீழே. இறங்குவது சுலபம், ஏறுவதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். கறுப்பினத்தவருக்கு விமானம் ஓட்டும் திறமை கிடையாது என்று ராணுவம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1941இல், இங்கே பயிற்சி தொடங்கியது. 1942 மார்ச்சில் முதல் வகுப்பில் தேறியவர்கள் ஐந்து பேர். போர் முடிந்த பிறகும் தொடர்ந்த பயிற்சியில் ஏறக்குறைய 1,000 பேர் விமானிகள் ஆனார்கள். 1941 மார்ச்சில் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் இந்த ஊருக்கு வந்து, பாதுகாவலர்கள் பதற, சார்லஸ் ஆண்டர்சன் என்ற கறுப்பின விமானி ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். அதே 1941 ஜனவரியில் டஸ்கீகியில் கறுப்பினக் குழந்தைகளுக்கான போலியோ மருத்துவமனை திறந்தது. வார்ம் ஸ்ப்ரிங்ஸ் குளத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கான இடம் இதுதான்.

டஸ்கீகி கல்லூரி வளாகம் பத்து நிமிட தூரம். 1881இல் புக்கர் டி. வாஷிங்டன் 25 வயதில் வந்து தொடங்கியது. கட்டடங்கள் மாணவர்கள் சுட்ட செங்கல், மாணவர்கள் கட்டிய சுவர். முதல் மூன்று சூளையும் வீணாகின. சூளைக்கு வேண்டிய சீரான சூடு ஒரு வாரத்துக்கு நிற்க வேண்டும், கடைசி நேரத்தில் குலைந்தால் மொத்தமும் போகும். நான்காவது சூளைக்கு வாஷிங்டன் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார், அது வெந்தது. இங்கே பின்கட்டைத் தேட வேண்டியதில்லை, கட்டியவர்களே படித்த இடம். அவருடைய வீடான தி ஓக்ஸ் பார்க்க முன்பதிவு வேண்டும், குழுவாக நேரே போய் நின்றால் ஏமாற்றம்தான்.

கார்வர் மியூசியம் பழைய சலவைக் கட்டடத்தில் இருக்கிறது. விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் வந்து 1943இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். நிலக்கடலையில் அவர் செய்த நூற்றுக்கணக்கான பொருட்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதைவிட முக்கியம் ஜெசப் வண்டி. பருத்தியையே போட்டுப் போட்டு மண் செத்த விவசாயிகள் கல்லூரிக்கு வர முடியாது என்பதால், 1906இல் கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாவற்றையும் ஒரு குதிரை வண்டியில் ஏற்றி அவர்கள் வயலுக்கே பாடத்தை அனுப்பினார்கள். கடலையும் காராமணியும் போட்டு மண்ணைத் தேற்றும் பயிர்ச் சுழற்சி அப்படித்தான் பரவியது. நேற்றுப் பார்த்த கடலை வயல்களை நினைத்துக்கொண்டு இந்த வண்டியைப் பாருங்கள்.

ஊர் நடுவில் இருக்கும் வரலாற்று மையத்துக்கு அரை மணி. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வைத்துக் கவனித்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். குழந்தைகள் உள்ள குழுவானால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று முன்பே கைடிடம் பேசிவைக்கவும். விட்டுவிட்டுப் போகக்கூடாது.

ஐந்தாம் நாள், சனி: எட்டோவா, நியூ எக்கோட்டா

மாநிலம் நடத்தும் இந்த இரண்டு இடங்களும் வாரத்தின் பிற்பகுதியில்தான் நிச்சயமாகத் திறந்திருக்கும், அதனால் சனி. வடக்கே ஒரு மணி நேரத்தில் கார்ட்டர்ஸ்வில். எட்டோவா மண்மேடுகள் 54 ஏக்கரில் ஆறு, உயரமானது 63 அடி, 134 படி. கி.பி. 1000 முதல் 1550 வரை இங்கே மக்கள் இருந்தார்கள். கூடை கூடையாக மண் சுமந்து ஏற்றியது, மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. முதலில் மியூசியத்தில் இரண்டு பளிங்குச் சிலைகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் 125 பவுண்டு, ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருக்கும். பிறகு மேட்டில் ஏறுங்கள். படிகளின் உயரம் ஒரே மாதிரி இல்லை, இறங்கும்போது கைப்பிடியை விட வேண்டாம். ஏற முடியாதவர்கள் ஆற்றங்கரைப் பாதையில் போகலாம். மீன் பிடிக்க ஆற்றில் கற்களை வி வடிவில் அடுக்கிய அணை, தண்ணீர் குறைவாக இருந்தால் தெரியும்.

நியூ எக்கோட்டா இன்னும் அரை மணி வடக்கே. 1825 முதல் செரோக்கி மக்களின் தலைநகர். பார்ப்பவற்றில் வொர்செஸ்டர் பாதிரியார் வீடு மட்டும் அதே இடத்தில் 1828இல் கட்டியது. ஒரு பழைய சத்திரம் வேறு ஊரிலிருந்து பெயர்த்து வைத்தது, சபை, நீதிமன்றம், அச்சகம் எல்லாம் திரும்பக் கட்டியவை. இதைச் சொல்லாத கைடு கிடைத்தால் எல்லாமே பழையது என்று நினைத்துவிடுவோம்.

நேரத்தில் பாதியை அச்சகத்துக்கு வையுங்கள். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத சீக்வோயா என்ற செரோக்கி மனிதர் தன் மொழிக்கு 1821இல் எழுத்தை உருவாக்கி முடித்தார். அச்சில் 85 எழுத்து. நம் உயிர்மெய் போல ஓர் எழுத்துக்கு ஓர் அசை, ஆனால் க, கா, கி என்ற உருவ உறவு கிடையாது, ஒவ்வொன்றும் தனி வடிவம். தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கைடைவிடச் சீக்கிரம் புரியும். எழுத்துகளைப் பாஸ்டனில் வார்த்துக் கொண்டுவந்து, 1828 பிப்ரவரி 21 அன்று செரோக்கி ஃபீனிக்ஸ் என்ற பத்திரிகையை இரண்டு மொழியில் அச்சிட்டார்கள். ஆசிரியர் எலியாஸ் புடினாட்.

அதே புடினாட்டின் வீட்டில்தான் 1835 டிசம்பர் 29 அன்று, தலைவர் ஜான் ராஸின் சம்மதம் இல்லாமல், ஒரு சிறு குழு நிலத்தை எல்லாம் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வீடு இன்று இல்லை, இருந்த இடத்தைக் காட்டுவார்கள். 1838இல் ராணுவம் வந்தது. மேற்கே துரத்தப்பட்ட சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை இறந்தார்கள். இங்கேயும் பின்கட்டைக் கேட்க மறக்க வேண்டாம். செல்வந்தச் செரோக்கிகளும் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள், அந்த அடிமைகளும் அதே பாதையில் நடந்து போனார்கள். அவர்களுக்குத் தனிப் பலகை தேடினால் கிடைக்காது, கேட்டால் ரேஞ்சர் சொல்வார்.

பத்திரிகை 1834இல் நின்றது, மறு வருடம் ஜார்ஜியா காவல்படை அச்சு இயந்திரத்தைப் பறித்தது. 1950களில் தொல்லியலாளர்கள் இங்கே தோண்டியபோது அந்தச் செரோக்கி ஈய எழுத்துகள் மண்ணிலிருந்து வந்தன. மியூசியத்தில் பாருங்கள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை, எழுத்து இடவலம் மாறியிருக்கும், குனிந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும். கண்ணாடியில் மின்விளக்கு பிரதிபலிப்பதால் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது வசதி. கழிப்பறை இந்த மியூசியத்தில் மட்டும்தான், வளாகத்துக்குள் போகும் முன்பு ஒருமுறை, பஸ் ஏறும் முன்பு ஒருமுறை.